சலீம் அலி பழ வௌவால்: பரவல் வரைபடத்தில் எந்தெந்த இடம், அபாய நிலை என்னவென்று எழுதுவது?

கம்பம்_வாசகர்வட்டம் எழுதியது:

வணக்கம். மேகமலை அடிவாரத்தில் ஒரு ஊர் நூலகத்துக்காக, இந்த மலைக்கே உரிய உயிரினங்கள் பற்றிப் பெரிய சுவர்ப்பலகை ஒன்று தயாராகிறது. அதில் சலீம் அலி பழ வௌவாலுக்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறோம். எழுத உட்கார்ந்தால் தகவல்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஓரிடத்தில் "உலகிலேயே மேகமலையில் மட்டும்" என்கிறார்கள், இன்னோரிடத்தில் பெரியாறும் களக்காடும் சேர்ந்து வருகின்றன. அபாய நிலையும் அப்படித்தான். சில பழைய புத்தகங்களில் "மிகக் கடுமையான அபாயம்", ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் "அபாயம்". நிலைமை தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய பாறைக்குகையில் எடுத்ததாக ஒரு படம் வந்திருக்கிறது, இதுதான் அந்த வௌவால் என்று. அதைப் பலகையில் போடலாமா? படத்தில் மூன்று வௌவால்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. முகம் நாய் முகம் போல, காது வெறும் பழுப்பு, ஓரத்தில் வெள்ளை இல்லை. ஒன்று முதுகைக் காட்டியபடி இருக்கிறது. தேவைப்பட்டால் வலை வைத்துப் பிடித்து அளந்து உறுதி செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

---

பாறையிடுக்கு எழுதியது:

முதலில் வலை யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள். இந்த வௌவால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குள் பிடிப்பது, பொறி வைப்பது, பிடிக்க முயல்வது எல்லாமே அடங்கும். அளந்துவிட்டு உடனே விட்டுவிட்டோம் என்பது அங்கே எடுபடாது. ஆராய்ச்சிக்காகப் பிடிப்பதற்கே பிரிவு 12-ன் கீழ் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றால் ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் அவரும் அந்த அனுமதியைத் தர முடியாது. மீறினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பழைய சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் ஐந்தாவது அட்டவணையில், எலியோடும் காக்கையோடும் சேர்த்து, யாரும் கொல்லலாம் என்ற பட்டியலில் கிடந்தன. அதிலிருந்து விலக்குப் பெற்று முதல் அட்டவணையில் இருந்த ஒரே பழந்தின்னி வௌவால் இதுதான். அந்த ஐந்தாவது அட்டவணையே 2022 திருத்தத்தில் ஒழிந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பலகையில் சட்ட நிலை பற்றி ஒரு வரி எழுதுவீர்கள் என்றால் இதைக் கட்டாயம் எழுதுங்கள். தோப்புக்காரர்கள் நிறையப் பேர் இன்னும் பழைய சட்டத்தையே நினைத்துக்கொண்டு வௌவாலைச் சுடுகிறார்கள்.

இறந்து கிடக்கும் வௌவாலையும் எடுத்துப் பாட்டிலில் போடக் கூடாது. அது அரசுச் சொத்து. கையில் வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். எடுக்காமல், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வனச்சரகருக்குச் சொல்வதுதான் சரி. அந்த ஒரு உடல், நூறு மங்கலான படங்களைவிட மேல்.

---

சோலைக்குறிப்பு எழுதியது:

பரவல் பற்றி. இந்த இனத்தின் வரலாறு தெரிந்தால், ஏன் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது என்பது தானாக விளங்கும்.

1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர், இயற்கை ஆர்வலரும்கூட, ஹைவேவிஸ் மலையில், அதாவது நம் மேகமலையில், ஒரு வௌவாலைச் சேகரித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொகுப்பில் "குறுமூக்குப் பழ வௌவால்" என்ற சீட்டோடு கிடந்தது. 1972-ல் தாய்லாந்தின் கிட்டி தொங்லொங்யா அந்தத் தொகுப்பை ஆராய்ந்தபோதுதான் அது வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினமே என்று தெரிந்தது. லாட்டிடென்ஸ் என்ற புதுப் பேரினத்தில் வைத்து, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அந்தப் பேரினத்தில் இன்றுவரை இது ஒன்றுதான். பிறகு 1993-ல் அதே மலையில் மீண்டும் உயிரோடு பார்க்கப்பட்டது. நடுவில் இருந்த 45 ஆண்டுகளில் உலகத்துக்குத் தெரிந்தது அந்த ஒரே உடல்தான். "மேகமலையில் மட்டும்" என்று எழுதிய புத்தகங்கள் அந்தக் காலத்து அறிவை எழுதியவை. அன்றைக்கு அது தவறில்லை, இன்றைக்குத் தவறு.

உங்கள் வரைபடத்தில் மூன்று பகுதிகளைக் காட்டலாம். ஒன்று மேகமலை. 2021 முதல் இது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அடுத்தது, அதை ஒட்டிய கேரளப் பக்கம், பெரியாறு. மூன்றாவது, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைத் தொடரில் களக்காடு முண்டந்துறை. கணவாயின் இரு பக்கமும் இருக்கிறது என்பதைப் பலகையில் அழுத்திச் சொல்லுங்கள். இடையில் தாழ்நிலம், சாலை, ரயில் பாதை, வயல்கள். இந்த வௌவால் கடந்து போகிறதா, இல்லை இரண்டு பக்கமும் தனித்தனிக் கூட்டமா என்பது பாதுகாப்புத் திட்டத்தையே மாற்றிவிடும் கேள்வி.

எனக்குத் தெரிந்த உறுதியான பதிவுகள் அனைத்தும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ளவை. அதனால் "மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும்" என்று பச்சை பூசிவிடாதீர்கள். அதிலும் பெரும்பாலும் சுமார் 800 முதல் 1,100 மீட்டர் உயர வரம்பில், அகன்ற இலை மலைக்காடும் காப்பி, ஏலத் தோட்டங்களும் கலந்த இடங்களில்தான் பார்த்திருக்கிறார்கள். சமவெளியில் கோயில் கோபுரத்திலோ புளியமரத்திலோ இதைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், ஆதாரம் கேட்காமல் புள்ளி வைக்காதீர்கள்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

அபாய நிலை பற்றிய கேள்விக்கு நேர் பதில்: பலகையில் "ஐயுசிஎன் செம்பட்டியல்: எண்டேஞ்சர்ட், அழியும் அபாயத்தில் உள்ளது" என்று எழுதுங்கள். முன்பு அதைவிட ஒரு படி மோசமான வகையில் இருந்தது. வகை மாறியதை "தேறிவிட்டது" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். மாறியது நம் அறிவு, வௌவாலின் கதி அல்ல.

எப்படி என்றால், பரப்பை வைத்து மதிப்பிடும் விதியில் இரண்டு அளவுகள் உண்டு. எல்லாப் புள்ளிகளையும் வெளியே சுற்றி வளைத்து வரும் பலகோணத்தின் பரப்பு ஒன்று: 5,000 சதுர கி.மீ.க்குக் கீழே என்றால் அபாயம், 100-க்குக் கீழே என்றால் மிகக் கடுமையான அபாயம். அடுத்தது உண்மையில் குடியிருக்கும் பரப்பு. இதை 2 கி.மீ. பக்கமுள்ள சதுரக் கட்டங்களாக எண்ணுவார்கள்: 500 சதுர கி.மீ.க்குக் கீழே, 10-க்குக் கீழே. கூடவே எத்தனை இடங்கள் என்ற கணக்கு: ஐந்து வரை என்றால் அபாயம், ஒன்றே ஒன்று என்றால் மிகக் கடுமையான அபாயம். பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. துண்டுபட்ட அல்லது சில இடங்களே, தொடரும் சரிவு, அளவுகடந்த ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் விதியும் இருக்கிறது. இனப்பெருக்க வயதில் 250-க்குக் கீழே அபாயம், 50-க்குக் கீழே மிகக் கடுமை.

ஒரே ஒரு மலை தெரிந்திருந்த இனத்துக்கு இரண்டாவது, மூன்றாவது மலை தெரியவந்தால் இந்தக் கணக்கு மாறியே தீரும். காட்டில் ஒரு குட்டிகூட கூடுதலாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை.

இதனாலேயே தவறான ஒரு புள்ளி எவ்வளவு கெடுதல் என்று பாருங்கள். மேகமலையிலிருந்து களக்காடு முண்டந்துறை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 120 கி.மீ. மலைமுகட்டை ஒட்டிய புள்ளிகள் என்பதால் பலகோணம் ஒல்லியாகவே வரும். கிழக்கே சமவெளியில் 90 கி.மீ. தள்ளி, சாதாரணக் குறுமூக்கு வௌவாலை இது என்று நினைத்து ஒருவர் பதிவேற்றுகிறார், அது சரிபார்க்கப்படாமல் ஏறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 பெருக்கல் 90-ல் பாதி, 5,400 சதுர கி.மீ. ஒரே படத்தில் அபாய வரம்பைத் தாண்டியாயிற்று. மதிப்பீட்டாளர்கள் இதைக் கவனிப்பார்கள்தான். ஆனால் அந்தத் தவறான புள்ளி இணையத்தில் பத்து ஆண்டுகள் படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

பக்கத்துக் கர்நாடகத்திலும் இதே கதை உண்டு. முதல் அட்டவணையில் உள்ள இன்னொரு வௌவால், ராட்டனின் தளர்வால் வௌவால், நெடுங்காலம் பெலகாவி அருகே பாராபெடே குகை ஒன்றில் மட்டும் என்று நம்பப்பட்டது. பிறகு மேகாலயாவிலும் கம்போடியாவிலும் கிடைத்தது. இன்றைக்கு அதன் வகை "போதிய தரவு இல்லை". அதற்காகப் பாராபெடே குகையைக் காப்பதில் ஒரு துளியும் தளர்த்த முடியாது அல்லவா.

---

கம்பம்_வாசகர்வட்டம் எழுதியது:

மிக்க நன்றி. வலை யோசனையைக் கைவிட்டோம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முதுகைக் காட்டும் வௌவாலின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு சிறு குச்சி போல ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. சுமார் ஒரு சென்டிமீட்டர் இருக்கலாம். அங்கே போனவர்கள் குகைக்குள் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டதாகவும், ஐந்நூறுக்கு மேல் இருக்கும் என்றும் சொல்கிறார்கள்.

---

சோலைக்குறிப்பு எழுதியது:

அப்படியானால் அது சலீம் அலி வௌவால் இல்லை. நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் லெஷனால்ட் ரூசெட் வௌவாலைக் காட்டுகின்றன.

தென் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஐந்து பழந்தின்னிகளைப் பிரித்தறிந்தால் போதும். முதலில் வால். சலீம் அலி வௌவாலுக்கு வெளியே தெரியும் வாலே கிடையாது. குறுமூக்குக்கும் ரூசெட்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் அளவில் குட்டி வால் தொடைச் சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே வாலில்லாத இன்னொன்று இந்தியப் பறக்கும் நரி மட்டும்தான். அதன் முன்கையே 15 செ.மீ.க்கு மேல், குழப்பமே வராது. எனவே இந்த மலையில் வாலும் இல்லை, உருவமும் சிறியது என்றால் நம்பிக்கையோடு மேலே பார்க்கலாம். வடகிழக்கு இந்தியாவில் வாலில்லாத சிறு பழ வௌவால்கள் வேறு இருக்கின்றன. இந்தச் சூத்திரத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது காது. குறுமூக்கு வௌவாலின் காது ஓரத்தில் வெளிறிய கோடு ஓடும், விரல் எலும்புகளும் கருத்த சவ்வின்மேல் வெளுப்பாகப் பளிச்சென்று தெரியும். சலீம் அலி வௌவாலுக்குக் காதில் அந்தக் கோடு இல்லை. தலை கரும்பழுப்பு, வயிறு வெளிர் சாம்பல் கலந்த பழுப்பு, இறக்கைச் சவ்வு இளம்பழுப்பு. ரூசெட்டுக்கும் காதில் கோடு கிடையாது. உங்கள் படத்தை அனுப்பியவர் அதை வைத்துத்தான் ஏமாந்திருப்பார். வெள்ளைக் கோடு இல்லை என்பது குறுமூக்கை மட்டுமே விலக்கும், ரூசெட்டை விலக்காது.

அளவு என்று பார்த்தால் சலீம் அலி வௌவாலின் முன்கை 66 முதல் 69 மி.மீ. குறுமூக்கு 64 முதல் 79 வரை போகும். அதாவது இதன் மொத்த வீச்சும் அதற்குள் அடங்கிவிடும். அந்த 1948 உடல் அத்தனை காலம் தவறான சீட்டோடு கிடந்ததில் வியப்பில்லை. ரூசெட் 75-க்கு மேல். சின்னக் குறுமூக்கு 57 முதல் 63. ஆக முன்கை அளவு ரூசெட்டையும் சின்னக் குறுமூக்கையும் விலக்க உதவும், பெரிய குறுமூக்கை விலக்க உதவாது. கடைசி உறுதி பல்லில். சலீம் அலி வௌவாலுக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி வெட்டுப்பல். குறுமூக்குக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு ஜோடி. இது கையில் பிடித்தால்தான் தெரியும், அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளரின் வேலை.

சத்தம்: பழந்தின்னிகள் பொதுவாக எதிரொலி எழுப்பித் திசை அறிவதில்லை, கண்ணும் மூக்கும்தான். ரூசெட் விதிவிலக்கு. நாக்கால் சொடுக்கி எதிரொலி கேட்கும், அதனாலேயே குகையின் கும்மிருட்டு வரை போகும். "டிக் டிக்" கேட்டது என்றால் உள்ளே ரூசெட் இருக்கிறது. அந்தச் சொடுக்கை வைத்து அதே குகையில் சலீம் அலி வௌவால் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள், இதுவும் குகையில் தங்கும் இனம்தான். குறுமூக்குகள் பெரும்பாலும் இலைக்கொத்து, பனையோலை, கொடிப்பந்தல் என்று வெளியிலேயே தங்கும்.

---

இருட்கானல் எழுதியது:

மேலே சொன்னதன் தொடர்ச்சியாக: பேட் டிடெக்டர் (வௌவாலின் கேளா ஒலியைப் பிடிக்கும் கருவி) வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இந்த இனத்துக்கு அது பயன்படாது. பதிவாகிற ஒலி எல்லாம் பூச்சிதின்னி வௌவால்களுடையதாகவே இருக்கும். "கேட்கவில்லை, எனவே இல்லை" என்ற அறிக்கைகள் அப்படித்தான் பிறக்கின்றன.

பிடிக்காமல் செய்யக்கூடியவை இரண்டு. இரண்டுக்கும் காப்பக எல்லைக்குள் வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும்.

முதலாவது, அந்தியில் வெளியேறும்போது எண்ணுவது. சூரியன் மறைய அரை மணி முன்பே குகை வாய்க்குப் பக்கவாட்டில், பறக்கும் பாதைக்கு வெளியே உட்கார வேண்டும். வாய்க்கு நேரே உட்கார்ந்தால் அவை உள்ளேயே சுற்றும், வெளிவருவது தாமதமாகும், எண்ணும் கெடும். வானம் பின்னணியாக வரும்படி இடம் பாருங்கள், நிழலுருவம் தெளிவாக விழும். ஒருவர் வெளியே வருவதை எண்ண, இன்னொருவர் திரும்பி உள்ளே போவதைக் கழிக்க. பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். வெள்ளை விளக்கும் ஃபிளாஷும் வேண்டாம். அகச்சிவப்பு விளக்கோடு வீடியோ எடுத்தால் பிறகு நிதானமாக எண்ணலாம். தாயின் மார்பில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் பருவத்தில் குகைப் பக்கமே போகக் கூடாது. பதறிப் பறக்கும் தாயிடமிருந்து குட்டி நழுவினால் தரையில் எறும்புக்கு இரை. ரூசெட்டும் சேர்ந்து வாழும் குகையில் இந்த எண்ணிக்கை "பழ வௌவால்கள் மொத்தம்" மட்டுமே. நிழலுருவத்தில் இனம் பிரிக்க முடியாது. அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

இரண்டாவது எச்சம். பழுத்த அத்தி மரத்தடியில், குகை வாய்க்கு வெளியே சுத்தமான பாலித்தீன் விரிப்பு போட்டு, காலையில் எச்சத்தை எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட குழாயில் காயவைத்தால் டிஎன்ஏ மூலம் இனம் கண்டுபிடிக்கலாம். ஒரு எச்சத்துக்கு ஒரு குழாய், கையுறை மாற்ற வேண்டும். ஈரமாக மூடி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து வீணாகும். விரிப்பில் கிடக்கும் மென்று துப்பிய சக்கையையும் தனியாக எடுத்து வையுங்கள். அதில் உமிழ்நீர் இருக்கிறது, என்ன பழம் என்பதும் தெரியும்.

---

ஏலமலை_நிழல் எழுதியது:

ஒரு சந்தேகம். நிபா பயம் வந்த பிறகு தோட்டங்களில் வௌவால் குகையை மூடிவிடலாம், புகை போடலாம் என்ற பேச்சு எழுகிறது. பலகையில் இதற்கு என்ன எழுதுவது? தோட்டக்காரர்கள் செய்யக்கூடியது என்று ஏதாவது நேரடியாகச் சொல்லுங்கள்.

---

பாறையிடுக்கு எழுதியது:

குகையை மூடுவதும் புகை போடுவதும் நோக்கத்துக்கே எதிரானது. நிபாவுக்கு இந்தியாவில் முதன்மை இருப்பிடம் பறக்கும் நரி. ரூசெட் வௌவாலிலும் அந்தத் தொற்றின் தடயம் கிடைத்திருக்கிறது. விரட்டினால் அவை சாவதில்லை, சிதறி வீடுகளுக்கும் தோப்புகளுக்கும் நெருக்கமாக இடம் தேடும். பலகையில் எழுதுங்கள்: வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள், குகைக்குள் போகாதீர்கள், விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். எச்சத்தூள் நிறைந்த குகைக் காற்றில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சையும் இருக்கலாம். பணியாக உள்ளே போகிறவர்கள் என்95 முகக்கவசம், கையுறை இல்லாமல் போவதில்லை. வௌவாலைக் கையாள்பவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்னதாகவே போட்டுக்கொள்கிறார்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை.

இதைவிட அழுத்தமாக மறுக்க வேண்டியது, வௌவால் கறி இளைப்புக்கு மருந்து என்ற நம்பிக்கையை. எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. சில நூறுகளில் மட்டும் இருக்கக்கூடிய ஒரு இனத்துக்கு, ஒரே குகையில் ஒரு இரவு வலை விரித்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு. பழ வௌவால்கள் ஒரு ஈற்றுக்குப் பொதுவாக ஒரே குட்டிதான்.

குகை வாயில் இரும்புக் கம்பிக் கதவு போடுவதும் வேண்டாம். கம்பிகளுக்கு நடுவே 15 செ.மீ. விடும் அளவு, எதிரொலியால் வழி அறியும் பூச்சிதின்னிகளுக்காக உருவானது. கண்ணை நம்பிப் பறக்கும் பழ வௌவால் அதில் நுழையத் தயங்கும், குகையையே கைவிடலாம். ஆட்களைத் தடுக்க வேண்டுமென்றால் வாயிலிருந்து தள்ளி, பறக்கும் பாதைக்குக் கீழே நிற்கும் உயரத்தில் வேலி போடுங்கள். முள்கம்பி வேண்டாம், இறக்கைச் சவ்வு மாட்டிக்கொள்ளும்.

---

சோலைக்குறிப்பு எழுதியது:

தோட்டம் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். குகை மட்டும் இருந்து பயனில்லை, சுற்றிலும் ஆண்டு முழுக்கப் பழம் வேண்டும். அத்தி இனங்களும் ருத்ராட்சக் குடும்பத்து மரங்களும் இதன் உணவில் வருகின்றன. அத்தி மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை, ஒரு மரம் முடிந்தால் இன்னொன்று. அதுதான் மற்றப் பழம் இல்லாத மாதங்களில் சோறு போடுகிறது. பழைய ஏலத்தோட்டங்களில் நிழலுக்காகக் காட்டு மரங்களை விட்டுவைத்ததால்தான் தோட்டத்துக்கு நடுவே இந்த வௌவால் இன்னும் நடமாடுகிறது. அவற்றை வெட்டிவிட்டு வரிசையாகச் சில்வர் ஓக் நட்டால் நிழல் கிடைக்கும், மிளகுக் கொடி ஏறும், வௌவாலுக்கு ஒரு பழம்கூடக் கிடைக்காது.

செய்யக்கூடியது: நிழல் கவாத்து செய்யும்போது அத்தி மரங்களுக்கு வண்ணக் குறி போட்டு ஒதுக்குங்கள். கிளை கழிப்பதானால் காய் பிடிக்காத நேரத்தில், ஒரே ஆண்டில் எல்லா மரத்தையும் தொடாமல் மாற்றி மாற்றி. பட்டுப்போன நிழல் மரத்துக்குப் பதில் நடும்போது பாதியாவது உள்ளூர் மரமாக இருக்கட்டும். பழுத்து நிற்கும் மரத்தைச் சுற்றிப் பூச்சிமருந்து அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

---

கம்பம்_வாசகர்வட்டம் எழுதியது:

அருமை. அந்தப் படத்தை நீக்கிவிட்டோம், பதிலாக வாலையும் காதையும் ஒப்பிட்டுக் காட்டும் கோட்டோவியம் வரையச் சொல்லியிருக்கிறோம். கடைசியாக ஒன்று: வரைபடத்தில் குகைகளைப் புள்ளியாகக் காட்டலாமா?

---

நெல்லைச்சீமை எழுதியது:

கூடாது. 10 கி.மீ. பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, வௌவால் பதிவான கட்டத்தை முழுதாக நிறமிடுங்கள். எஸ்டேட் பெயர், ஓடையின் பெயர், பாதை எதுவும் வேண்டாம். இணையத் தளங்களில் பதிவேற்றும்போது இருப்பிடத்தை மறைக்கும் வசதி இருக்கும், அதைத் தேர்வு செய்யுங்கள். படக்கோப்புக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் எண்ணையும் அழித்த பிறகே பகிருங்கள். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கும்போதும் "மலைப்பகுதிக் குகைகள்" என்ற அளவோடு நிறுத்துங்கள். துல்லியமான இடம் வனச்சரக அலுவலகத்துக்கும் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளருக்கும் மட்டும், எழுத்து மூலம். வரைபடத்தின் கீழ் எந்த ஆண்டு வரையிலான பதிவுகள் என்று குறித்துவிடுங்கள். நாளைக்கு நான்காவது மலை ஒன்று சேர்ந்தால், பலகையைத் திருத்துகிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.